கூடைப் பிடி வாள்

எடின்பரோ நகரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு வமிசத்தவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சென்ற குளிர்காலத்தில் அவருடைய இல்லத்தில் சில நாள் தங்க நேர்ந்தது. கூடத்துச் சுவரில் உறையுடன் ஒரு வாள் தொங்குவதைக் கண்டு, "பிதுரார்ஜிதமோ?" என்று வினவினோம். நண்பர் நகைத்தார். "எங்கள் பிதுரார்ஜிதம் 1746-ஆம் வருஷத்தோடு போயிற்று. இது போலி. ஒரு நல்ல கம்பளிக் கோட்டின் விலைக்கு வாங்கினேன்" என்றார்.

நேயர்களில் சிலர் இவ்வாளைப் படத்திலேனும் பார்த்திருப்பார்கள். இரும்புப் பட்டைகளை வளைத்துக் கூடைபோல் அமைத்த பிடி. பற்றினால் கை முழுதும் அக்கூடைக்குள் அடங்கிவிடும். கூடையின் உட்புறத்தில் தோலும் சிவப்புத் துணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். அலகு நேரானது, பெரும்பாலும் இருபுறமும் கூருடையது, நீளம் ஏறக்குறைய 32 அங்குலம். பார்வைக்குப் பெரும் பாரமாகத் தோன்றினும் எடை மூன்று ராத்தலுக்கு மேற்படுவது அரிது. இடக்கையில் வட்டக் கேடயமும் வலக்கையில் இவ்வாளும் ஏந்தி மலைநாட்டார் பாய்ந்து வந்தால், எதிரே நின்ற துப்பாக்கிப் படைகளும் நிலைகுலைந்தது உண்டு.

"போலி" என்ற சொல்லை நண்பர் சற்றுக் கூச்சத்துடன் சொன்னார். அக்கூச்சம் வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம். அசல் வாள்களின் கதை மட்டும் என்ன? ஸ்டிர்லிங், கிளாஸ்கோ நகரங்களின் கைதேர்ந்த கம்மியர் கூடைப் பிடியைச் செய்தார்கள். அலகோ பெரும்பாலும் ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்து கப்பலேறி வந்தது. அந்த அலகுகளில் ஆந்திரேயா பெரரா என்ற இத்தாலியக் கொல்லரின் பெயரைப் பொறித்து விடுவது ஜெர்மானியரின் வழக்கம். அக்கொல்லர் காலமாகி நெடுநாள் சென்ற பின்னும் அவர் பெயருடன் வாள்கள் பிறந்துகொண்டே இருந்தன! ஆகவே, போலி என்பது இவ்வாளின் குலத்தில் பழைய வியாதிதான்.

பிதுரார்ஜிதம் போன கதையைக் கூறுவோம். 1715-ஆம் வருஷத்துக் கலகத்துக்குப் பின், மலைநாட்டாரின் ஆயுதங்களைப் பறிக்க ஆங்கில சர்க்கார் 1716-லும் 1725-லும் சட்டங்கள் செய்தது. மலைநாட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? துருவேறி உதவாத ஆயுதங்களைப் பணிவுடன் ஒப்படைத்தார்கள். நல்ல வாள்களுக்கு எண்ணெய் பூசி, வைக்கோற் கூரைக்குள்ளும் மண்ணுக்கடியிலும் ஒளித்தார்கள். 1745-ல் சார்லஸ் எட்வர்டு இளவரசர் கொடியேற்றியபோது அவ்வாள்களில் பல வெளிவந்தன. 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி குலோடன் களத்தில் எல்லாம் முடிந்தது. அவ்வருஷத்துச் சட்டம் கொடியது. ஆயுதம் வைத்திருந்தவனுக்குப் பதினைந்து பவுன் அபராதம். செலுத்த வழியில்லையேல் அமெரிக்காவுக்குச் சிப்பாயாக அனுப்பிவிடலாம். அவர்களது கட்டம் போட்ட உடைக்குக்கூடத் தடை விதித்தார்கள். அத்தடை 1782-ல்தான் நீங்கிற்று.

இவ்வளவும் கேட்டபின், வாளை உருவிப் பார்க்க அனுமதி கேட்டோம். அது எளிதில் வரவில்லை. இருவருமாக இழுத்தபின் வந்தது. அலகில், ஐந்து விரல்களின் ரேகையும் செம்பழுப்பாகப் படிந்திருந்தது. கூடையின் பட்டைகள் கூடுமிடமெல்லாம் துரு. நண்பர் முகம் வாடினார். "1725-ல் சர்க்காரிடம் ஒப்படைத்திருக்கத் தக்க வாள்" என்று நாம் சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு வருந்தினோம். பிடிபட்டால் நாடு கடத்துவார்கள் என்ற அச்சத்தில் வாழ்ந்தவன் கூரைக்குள் இருந்த வாளுக்கு எண்ணெய் பூசினான். அச்சமின்றிச் சுவரில் மாட்டியவர் பூசவில்லை. இதற்குக் காரணம் யாதெனில், போலிதானே என்ற அலட்சியம் அன்றி வேறில்லை.

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்தோம். குற்றத்தில் பாதி தோலுறையுடையது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; பதனிட்ட சரக்கு இரும்பைத் தின்னும். ஆகையால் வாளை உறையின்றி உலர்ந்த இடத்தில் வைப்பதே நலம். மற்றப் பாதி கை வியர்வையின் உப்பு. தொட்ட ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் உதவாது, நாளடைவில் பிசுக்காகும். கூடையின் இடுக்குகளுக்குப் பழைய பல் தூரிகையே தக்க கருவி. சிவப்புத் துணியில் எண்ணெய் படாமலும், ஈரம் தங்காமலும் காத்தல் அவசியம். மேலெழுந்த துருவை நுண்ணிய எஃகுப் பஞ்சால், எண்ணெய் விட்டு, அலகின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தால் போகும். ஆயுத பூஜையன்று மட்டும் அரிவாளைத் துடைக்கும் வழக்கம் இங்கே போதாது. மாதம் ஒரு முறையேனும் பார்க்க வேண்டும்.

வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. எவர்சில்வர் பாத்திரம் போல் மின்னும் மலிவு வாள் துருப்பிடிப்பது அரிது. ஆயின் அது சுவருக்கு மட்டுமே. வீசினால் முறிந்து பறக்கக் கூடும். அலகின் அடிக்காம்பு மெல்லிய கம்பியாகப் பற்றவைத்ததா, அகலமாகப் பிடியின் கடைசிவரை ஓடுகிறதா என்று கேட்டறிக. பிடி ஆடினால் எடுத்துச் சுழற்றலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில், ஆடாவிட்டாலும் எட்டாத உயரமே வேண்டும்.

"இது எங்கே செய்தது?" என்று புறப்படும்போது கேட்டோம். "உங்கள் தேசத்தில்தான், டேராடூனில்" என்றார் நண்பர்! உண்மையே. 1943-ல் ஆரம்பமான ஒரு தொழிற்சாலை அவ்வூரில் இருக்கிறது. இத்தகைய வாள்கள் அங்கிருந்து கடல் கடக்கின்றன. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தினால் நம்மவரையும் அதே ஆங்கில சர்க்கார் நிராயுதபாணிகளாக்கிற்று என்பதை நண்பருக்குச் சொன்னோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு வாளை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கலானார்.

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று பேரன் துணி பிடிக்க, அவர் எண்ணெய் தடவுகிறாராம். கடைசியில் எழுதியிருந்தார்: "இப்பொழுது சர்க்கார் வந்து கேட்டால், இதைக் கூரையில் ஒளித்து வைப்பேன்."