கொழுந்துக்கு வீசும் காற்று ஆளுக்கும் வீசட்டும்

விடிய நாலரைக்கு மடுல்கெல்லையில் இருந்து மரக்கறி லொறி கிளம்பும். பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கு. முன்னால் மூன்று பேர்: டிரைவர் அண்ணன், கிளீனர் தம்பி, எங்களில் ஒருவர். வெளியே நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து இறங்கிய மூட்டம். உள்ளே நாங்கள் மூன்று பேரும் விடுகிற மூச்சு முன்கண்ணாடியில் படிந்து, வெளியே இருப்பதைவிட மோசமான இன்னொரு மூட்டம். அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வளைவு பார்ப்பார். தம்பி பழைய பேப்பரைக் கசக்கி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவான். துடைத்த இடம் அடுத்த வளைவுக்குள் திரும்ப மங்கிவிடும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

"பயமா இல்லையாண்ணே?" என்று கேட்டால், "பழகிப்போச்சு தம்பி" என்பார்.

இந்தப் பழகிப்போச்சு பற்றித்தான் எழுத வந்தோம்.

லொறி எங்களில் ஒருவரின் மாமாவுடையது. பழைய பெட்போர்ட். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த காலத்து வண்டி. கை மாறிக் கை மாறி மாமாவிடம் வந்தபோது டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. அதுதான் ஹீட்டர் என்று எங்களுக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அதைத் திரும்ப வேலை செய்யவைப்போம் என்று நாங்கள் சொன்னபோது கராஜில் எல்லாரும் சிரித்தார்கள். "இலங்கையில ஹீட்டரா? உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

சிரித்ததில் தப்பில்லை. ஹீட்டர் என்றால் குளிர்காயத்தான் என்று நாங்களும் நினைத்திருந்தோம். பிறகுதான் விளங்கியது, அந்தப் பெட்டிக்கு மூன்று வேலை. உடம்புக்குச் சூடு கொடுப்பது கடைசி வேலை. முதல் வேலை, கண்ணாடியில் படியும் ஈரத்தை நீக்கி டிரைவருக்குப் பாதையைக் காட்டுவது. இரண்டாவது, உள்ளே இருக்கிற ஆட்களுக்கு வெளிக்காற்று கொடுப்பது. இந்த இரண்டும் பிரேக் மாதிரி, லைட் மாதிரி அவசியமானவை. சொகுசு என்று சொல்லி ஒதுக்கிவைத்தது எங்கள் எல்லாருடைய தப்பு. எங்கள் கட்சி இவ்வளவுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறோம். இஞ்சினைச் சுற்றி ஓடும் சுடுதண்ணீரில் ஒரு பங்கு இரண்டு ஹோஸ் வழியாக டேஷுக்குக் கீழே வரும். அங்கே கையகலத்தில் ஒரு குட்டி ரேடியேட்டர். அதன் பின்னால் ஒரு விசிறி மோட்டர். விசிறி வெளிக்காற்றை இழுத்துச் சூடான ரேடியேட்டர் வழியாகத் தள்ளும். சூடான காற்று குழாய் வழியாகக் கண்ணாடியின் அடியில் வந்து வீசும். கண்ணாடி சூடாகிவிட்டால் மூச்சின் ஈரம் அதில் படியாது. படிந்த ஈரத்தையும் சூடான காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் வரும் வழியில் ஒரு டெப் இருக்கும். மத்தியானம் கண்டி வெயிலில் அதை மூடிவிட்டால் வெறும் காற்று மட்டும் வரும்.

எங்கள் லொறியில் இதில் எதுவுமே சரியாக இருக்கவில்லை. எப்போதோ குட்டி ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது. யாரோ ஒருவர் அதைத் திருத்தாமல் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்து பைபாஸ் பண்ணியிருக்கிறார். கூலன்ட் ஊற்றாமல் வருடக்கணக்காகப் பீலித் தண்ணீர் ஊற்றியதில் உள்ளே துரு. தெர்மோஸ்டாட்டும் இல்லை. "சூடான நாட்டுக்கு அது தேவையில்லை" என்று கழற்றி வீசுவது இங்கே வழக்கம். அது இல்லாவிட்டால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. டீசல் வீணாகும், ஹீட்டரில் வெதுவெதுப்புதான் வரும். எங்கள் மலைக்கு அந்த வழக்கம் பொருந்தாது.

வேலையை வெளியிலிருந்து தொடங்கினோம். கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடையைக் கழற்றினால் ஒரு வாளி இலைச் சருகு. தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்து, அதற்குக் கீழே தகடு உக்கிப்போயிருந்தது. அதைச் சுரண்டி, ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடித்தோம். காற்றுக்குத் திசை மாற்றும் கதவுகளின் கேபிளுக்கு எண்ணெய் விட்டு மூன்று நாள் இழுத்து இழுத்து அசையவைத்தோம். கதவு ஓரத்துப் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பதில் பழைய டியூபை வெட்டி ஒட்டினோம்.

குட்டி ரேடியேட்டரில் வினாகிரி கலந்த சுடுதண்ணீரை ஊற்றி ஓர் இரவு வைத்தோம். காலையில் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பிறகு பைப் தண்ணீரை ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம் என்று மெதுவாக விட்டோம். வேகமாக விட்டால் பழைய பித்தளை தாங்காது. அதை ரேடியேட்டர் பாஸிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் காற்றுக் கொடுத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். இரண்டு இடத்தில் குமிழி. ஈயம் வைத்தார். "இதத் தூக்கிப் போட்டிருந்தா பழைய இரும்புக்காரனுக்குத்தான் லாபம்" என்றார். மோட்டரில் கார்பன் தேய்ந்திருந்தது, அதை மாற்றியதும் ஓடியது. நீங்கள் மோட்டர் வாங்குவதாக இருந்தால் முதலில் வண்டி 12 வோல்டா 24 வோல்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எல்லாம் ஒரு விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. அடுத்து நடந்ததுதான் எங்களை உட்காரவைத்து யோசிக்கவைத்தது.

ஒருநாள் இருட்டிய பிறகு ஒருவர் லொறிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் பொனட்டைத் திறந்து இஞ்சின் பக்கமிருந்து டோர்ச் அடித்தார். உள்ளே இருந்தவருக்கு ஏழு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. பெடல் ஓட்டை, ஒயர் போகும் ஓட்டை, பழைய ஹோஸ் கழற்றிய ஓட்டை. வெளிச்சம் வருகிற வழியால் புகையும் வரும். இஞ்சினில் சைலன்சர் குழாய் பொருந்தும் இடத்தில் கேஸ்கெட் வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது.

கிளீனர் தம்பி கண்டிக்குப் போய்ச் சேரும்போது தலையிடி என்பான். சில நாள் வாந்தியும் எடுப்பான். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வோம். அவன் உட்காருவது அந்த ஓட்டைகளுக்கு நேரே. கேஸ்கெட் மாற்றி, ஓட்டைகளுக்கு றப்பர் வளையம் போட்டு அடைத்த பிறகு அவனுக்குத் தலையிடி வரவில்லை. நாங்கள் டொக்டர் இல்லை. புகையால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் இஞ்சின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டுகிற இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலையிடி, மயக்கம், குமட்டல்தான் அதன் முதல் அடையாளம். மலைப்பாதையில் இதெல்லாம் சாதாரணம் என்று நாம் நினைத்துக்கொள்வதால் அது பிடிபடுவதில்லை. டிரைவருக்குத் தூக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. (பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுபவர்கள் கவனம். அந்தக் காலத்தில் அதில் அஸ்பெஸ்டஸ் சேர்ப்பார்கள். நனைத்துச் சுரண்டுங்கள், காற்றடித்து ஊதாதீர்கள்.)

முன்னால் இருப்பவர்களுக்காவது ஜன்னல் இருக்கிறது. பின்னால்? கல்யாணம், கருமாதி, திருவிழா, பக்கத்துத் தோட்டத்தில் கைக்காசு வேலை என்று எல்லாவற்றுக்கும் நம் ஆட்கள் லொறியின் பின்னால்தான் ஏறுகிறார்கள். மழைக்கு மேலேயும் பக்கத்திலேயும் படங்கைக் கட்டி, ஏறி இறங்கப் பின்பக்கத்தை மட்டும் திறந்து வைப்போம். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்று சுழன்று உள்ளே இழுக்கும். சைலன்சர் குழாய் பாதியில் ஒடிந்திருந்தால் புகையும் சேர்ந்து படங்குக்குள் வரும். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள் என்று மடியில் போட்டுக்கொள்வோம். அந்தக் குழாயை லொறி உடம்புக்கு வெளியே வரும்படி நீட்டிவிட ஒரு வெல்டிங் போதும். முன்பக்கப் படங்கில் காற்று நுழைய ஒரு வாய் விட்டால் போதும்.

இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குக் கிடைத்த ஒரு விஷயம். லொறி ஹீட்டரில் இருப்பது நீங்கள் வீட்டில் பார்க்கிற இறக்கை விசிறி இல்லை. உருளை மாதிரி, சுற்றிலும் முன்பக்கம் வளைந்த சின்னச் சின்னத் தகடுகள். உலகம் முழுக்க அதற்குச் சிறொக்கோ விசிறி என்று பெயர். அதைச் செய்தவர் சாமுவேல் டேவிட்சன். அயர்லாந்துக்காரர், அசாமில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர். கொழுந்தைக் காயவைக்க இயந்திரம் செய்தார். 1881இல் பெல்ஃபாஸ்டில் கம்பனி தொடங்கினார். தேயிலைக்கு நல்ல காற்று வேண்டும் என்று தேடித்தேடி 1898இல் இந்த விசிறிக்கு வந்து சேர்ந்தார். பிறகு அது கப்பலுக்கும் சுரங்கத்துக்கும் கட்டடத்துக்கும் போனது. நம் தாத்தா பாட்டி வேலை செய்த பெக்டரிகளில் சிறொக்கோ மெஷின் என்று சொன்னால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள்.

அதாவது இந்தக் காற்று முதலில் கொழுந்துக்காகவே செய்யப்பட்டது. இன்றைக்கும் கொழுந்துக்குக் குறைவில்லை. சாக்கில் அமுக்கிக் கட்டாதே, சூடேறிச் சிவந்துவிடும். லொறியில் அடுக்கும்போது இடைவெளி விடு, காற்றுப் போகட்டும். பெக்டரிக்கு வந்ததும் வாட்டும் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து விசிறி போட்டு, ஈரமான நாளில் சூட்டையும் சேர்த்து, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1867இல் இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட நாளிலிருந்து அதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதே லொறியில் ஏறும் ஆளுக்கு எவ்வளவு காற்று என்று கேட்டவர் யார்?

பணம் இருந்தால் புது லொறி வாங்கலாமே என்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பொருளாதாரம் விழுந்தது. மாமா மாதிரி ஆட்களுக்குப் பழைய லொறிதான் இன்னும் பத்து வருடத்துக்குச் சோறு போடும். ஜன்னலைத் திறந்துவிட்டால் போதுமே என்பீர்கள். மழையில் திறந்தால் டிரைவர் நனைவார். திறக்காவிட்டால் கண்ணாடி மங்கும். சவர்க்காரம் தடவுவது, புகையிலை தேய்ப்பது எல்லாம் எங்களுக்கும் தெரியும். கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும், எதிர்லைட் பட்டால் கண்ணாடி முழுக்கக் கோடு தெரியும்.

மற்ற நாடுகள் இதை ஆளின் விருப்பத்துக்கு விடவில்லை. அமெரிக்காவில் கண்ணாடி ஈரத்தை நீக்கும் அமைப்புக்கென்றே வாகனப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று இருக்கிறது, 103ஆம் இலக்கம், லொறிக்கும் சேர்த்து. இந்தியாவில் 2025 ஒக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லொறிகளில் டிரைவர் இருக்கும் அறைக்கு ஏசி கட்டாயம். நாம் வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம். அது குழாயால் வெளியே போகும் புகையை அளக்கிறது. உள்ளே வரும் புகையையும் யாராவது பார்க்க வேண்டும். லொறிக்குத் தகுதிச் சான்று கொடுக்கும்போது கண்ணாடிக்குக் காற்று வருகிறதா, தளத்தில் ஓட்டை இருக்கிறதா, குழாய் வெளியே நீட்டியிருக்கிறதா என்று மூன்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆள் ஏற்றுவதற்கு லொறி கொடுக்கிற தோட்ட நிர்வாகம் அதைப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும்.

எங்கள் ஹீட்டர் அற்புதம் ஒன்றும் செய்யவில்லை. மடுல்கெல்லையிலிருந்து கிளம்பினால் இறக்கம்தான். இஞ்சின் சூடேற நேரமாகும். பன்வில வரைக்கும் தம்பி இன்னும் துணியால் துடைக்கிறான். அதனால் இப்போது சாமான் ஏற்றும்போதே இஞ்சினைத் திறந்த வெளியில் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறோம். உள்ளே போகும் காற்று வெளியேற ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுகிறோம். வத்தேகமவுக்கு முன்னாலேயே கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு தெளிவு மேலே ஏறி வரும்.

போன வாரம் மாமாவின் கூட்டாளி ஒருவர் தன் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிரித்தவர்களில் அவரும் ஒருவர். "தம்பி, அந்த டோர்ச் வேலைய நம்ம வண்டியிலயும் ஒருக்கா பாருங்களேன்" என்றார். பார்த்தோம். பதினொரு ஓட்டை.

உங்கள் அப்பாவோ மாமாவோ ஓட்டுகிற வண்டியிலும் இன்றைக்கு இருட்டியதும் ஒருக்கா டோர்ச் அடித்துப் பாருங்கள்.