நோபிடா என்று அழைக்கப்பட்ட சிறுவன்

தில்லியில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். மாலை வேளைகளில் கணக்கில் ஐயம் கேட்க என்னிடம் வருவான். சென்ற மாதம் முதன்முதலாகக் கண்ணாடி அணிந்தான். நான்கே நாள்களில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டான். காரணம் கேட்டேன். நெடுநேரம் தயங்கிவிட்டு ஒரே சொல்லில் விடை சொன்னான்: “நோபிடா.” தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்று வகுப்பாசிரியர் அப்படி அழைத்தாராம். அன்றுமுதல் அவனுடைய பெயரை வகுப்பில் எவரும் சொல்வதில்லையாம்.

மொழியியல் ஆய்வாளன் என்ற முறையில் இச்சொல்லை நான் பலமுறை குறித்துவைத்திருக்கிறேன். ஆனால் அது ஒரு குழந்தையின் முகத்தில் வந்து விழுவதை அன்றுதான் கண்டேன். ஆகவே இதை எழுதத் தோன்றியது.

நோபிடா, ‘டோரேமான்’ என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையின் சிறுவன். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயர் கொண்ட ஹிரோஷி ஃபுஜிமோட்டோ 1969-ஆம் ஆண்டின் இறுதியில் இக்கதையைத் தொடங்கினார். கண்ணாடி அணிந்தவன், தேர்வில் சுழியம் வாங்குபவன், எந்நேரமும் உறங்குபவன், அழுமூஞ்சி. அவனுக்கு உதவ 22-ஆம் நூற்றாண்டிலிருந்து ஓர் இயந்திரப் பூனை வருகிறது. இந்தி மொழிமாற்றில் இக்கதை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இந்திய வீடுகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதன் விளைவாக இன்று இந்தி பேசும் நகரங்களில் நோபிடா ஒரு பொதுப்பெயர். ‘அவன் ஒரு நோபிடா’ என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. சிறுவர்களை மிரட்டும் முரடன் ‘ஜியான்’ ஆகிறான்.

இதில் புதுமை ஏதுமில்லை. 1924-இல் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஓவியர் ‘காஸ்பர் மில்க்டோஸ்ட்’ என்ற கோழைப் பாத்திரத்தை வரைந்தார். இன்று அவருடைய ஓவியங்களை அறியாதவர்களும் ‘மில்க்டோஸ்ட்’ என்ற சொல்லைக் கோழைக்குரிய ஆங்கிலச் சொல்லாக அகராதியில் காண்கிறார்கள். உலகமே கொண்டாடிய ‘மிக்கி மவுஸ்’, அதே ஆங்கிலத்தில், மதிப்பற்றதைக் குறிக்கும் அடைமொழியாகவும் வழங்குகிறது. ஓவியர் பிராண் படைத்த சாச்சா சௌத்ரியின் மூளை கணினியைவிட விரைவாக இயங்கும் என்பது இந்திச் சிறுவர்கள் மனப்பாடமாக அறிந்த செய்தி. எல்லாம் தெரிந்தவர்போலப் பேசுகிறவரை அப்பெயரால் கிண்டல் செய்வதை இங்கே தேநீர்க் கடைகளில் கேட்டிருக்கிறேன்.

தமிழ் இலக்கணம் இதனை உவமையாகுபெயர் என்னும். ‘காளை வந்தான்’ என்றால் வந்தவனிடம் காளையின் வலிமையை மட்டும் காண்கிறோம். கொம்பையும் வாலையும் விட்டுவிடுகிறோம். விட்டுவிடுதல்தான் இவ்வாகுபெயரின் இயல்பு. காளைக்கு அதனால் இழப்பில்லை. மனிதப் பாத்திரத்தின் பெயர் அவ்வாறு ஆகும்போது இழப்பு உண்டு.

கும்பகருணனை நினைத்துப் பாருங்கள். சீதையை விட்டுவிடு என்று அண்ணனுக்கு நேருக்கு நேர் அறிவுரை சொன்னவன் அவன். அது ஏற்கப்படாதபோதும், இராமன் பக்கம் வந்துவிடு என்று வீடணன் அழைத்தபோதும், உண்ட சோற்றுக்கு நன்றி மறவாமல், சாவோம் என்று தெரிந்தே போர்க்களம் சென்றவன். கம்பனில் அவனைப் படித்து நெகிழாதவர் அரிது. ஆயினும் தமிழிலும் இந்தியிலும் வழக்குச் சொல்லாக எஞ்சியது அவனுடைய உறக்கம் மட்டுமே.

நோபிடாவுக்கு நேர்ந்ததும் அதுவே. கதையில் அவன் குறி பார்த்துச் சுடுவதில் வல்லவன். பிற உயிரின் துன்பம் காணப் பொறாதவன். திருமணத்திற்கு முந்திய இரவில் ஷிசுகாவின் தந்தை தம் மகளிடம் அவனைப் பற்றிப் பேசும் காட்சி ஒன்று உண்டு. பிறர் மகிழ்ச்சியை விரும்பவும் பிறர் துயருக்கு வருந்தவும் தெரிந்தவன் அவன். ஒரு மனிதனுக்கு அதுதான் முதன்மையானது என்கிறார் அவர். படைத்தவர் தம் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல விரும்பிய தீர்ப்பு அதுதான் என்று நான் கருதுகிறேன். நாமோ மதிப்பெண் தாளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

2013-இல் வங்கதேச அரசு இந்தி டோரேமான் ஒளிபரப்பைத் தடைசெய்தது. குழந்தைகள் வங்காளத்தைவிட்டு இந்தி பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பது அங்கு எழுந்த கவலை. கார்ட்டூன் மொழியைக் கற்பிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனால் எந்த மொழி வாயில் வருகிறது என்று கவலைப்பட்ட அளவுக்கு, எந்தச் சொல் யார்மீது வீசப்படுகிறது என்று நாம் கவலைப்படுவதில்லை.

‘இது வெறும் விளையாட்டுத்தானே, பட்டப்பெயர் இல்லாத பள்ளிக்கூடம் உண்டா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வழக்கு மொழியைக் காவல் காக்க முடியாது, காக்கவும் வேண்டாம். ஒரு நண்பன் இன்னொருவனை நோபிடா என்றால், அவன் ஜியான் என்று திருப்பிச் சொல்லலாம், கணக்கு தீர்ந்துவிடும். ஆசிரியர் சொன்னால் திருப்பிச் சொல்ல வழியில்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர் சூட்டும் பெயர் பட்டப்பெயர் அன்று. அது ஒரு பதிவு. ஆசிரியர் பணியில் உள்ள நண்பர்களை வேண்டிக்கொள்வது இவ்வளவே: பதிவேட்டில் இருக்கும் பெயரால் குழந்தைகளை அழையுங்கள்.

அந்தத் திருமணக் காட்சியை நான் அச்சிறுவனுக்குச் சொன்னேன். அவன் அதை ஏற்கெனவே பார்த்திருந்தான். “எனக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத்தான் தெரியாது” என்றான். கண்ணாடி இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.