ஃப்ரான்ஷீஸ் எவ்வளவு?

பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'ஃப்ரான்ஷீஸ்' என்றால் ஒளிவுமறைவில்லாத பேச்சு என்று சொல்லிக்கொடுத்தார். பிரான்சில் வாடகைக் கார் ஒப்பந்தத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: கார் அடிபட்டால் அந்தத் தொகைவரை நாம்தான் கட்டவேண்டும். 'இன்சூரன்ஸ் வாடகையிலேயே அடக்கம்' என்றார்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கதவில் ஒரு கீறல். கார்டிலிருந்து 800 யூரோ போயிற்று.

எழுதித்தானே இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். இரவெல்லாம் விமானத்தில் வந்தவனிடம் வாய்விட்டுச் சொன்னால் என்ன? அந்தத் தொகையைக் குறைக்க நாள் கணக்கில் தனிக் கட்டணம் வேறு விற்கிறார்கள். எல்லாம் அடக்கம் என்றால் விற்க என்ன மிச்சம்?

பிள்ளைகளைப் பார்க்கப் போய்க் காரெடுக்கும் நண்பர்களே, முதலில் ஃப்ரான்ஷீஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.