எறும்புக் கடி என்று சொல்லாதீர்கள்

மாணவர்களே, ரத்ததானம் செய்யப் போய் மயங்கி விழுந்த ஓர் அறிவியல் ஆசிரியர் எழுதுவதைப் படிக்கிறீர்கள். விழுந்ததும் தனியாக இல்லை, என் மாணவர்கள் கண்முன்னே!

கடந்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் நடந்த ரத்ததான முகாமில் படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் சிலர் தொண்டூழியம் செய்தனர். "எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள்" என்று முந்தைய வாரம்தான் வகுப்பில் அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று பாரத்தில் ஒரு கேள்வி. நம் நாட்டில் ரத்தம் கொடுப்பவர் குறைந்தது 5 மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். தேர்வுத் தாள் திருத்திவிட்டு 4 மணி நேரம்தான் படுத்திருந்தேன். 6 என்று எழுதினேன். பசியாறினீர்களா என்ற கேள்விக்கும் ஆமாம் என்றேன். உண்மையில் குடித்தது ஒரு குவளை காப்பி. விரலில் குத்தி எடுத்த ரத்தத் துளி செம்பு சல்பேட்டுக் கரைசலில் நேராக மூழ்கியது. ஹீமோகுளோபின் போதும் என்று பொருள். (அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.)

ஊசி வலித்தது. எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது. ரத்தம் தடையின்றி ஓடுவதற்காக அந்த ஊசி தடுப்பூசி ஊசியைவிடத் தடிமனாக இருக்கும். பத்து நிமிடத்தில் 450 மில்லிலிட்டர் நிறைந்தது. மாணவர்கள் பார்க்கிறார்களே என்று உடனே எழுந்து நான்கு அடி நடந்தேன். காது அடைத்தது, நெற்றி வியர்த்தது, கண் இருண்டது. மறுபடி கண்ணைத் திறந்தபோது மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "இவ்வளவு பெரிய ஆள், ஊசிக்குப் பயமா?" என்று பணியாளர் ஒருவர் சிரித்தார். ஊசியைவிட அதுதான் வலித்தது.

அது பயமும் இல்லை, பலவீனமும் இல்லை. 60 கிலோ எடையுள்ளவர் உடலில் ஏறக்குறைய 4 லிட்டர் ரத்தம் உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், சமாளித்துவிடலாம். சில வேளைகளில் உடல் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். குழாய்கள் தளர்ந்து ரத்தம் கால்களில் தேங்கும். ரத்த அழுத்தம் சட்டென இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் சில விநாடிகளுக்குக் குறையும். ஆள் விழுவார். படுத்த நிலையில் ரத்தத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டியதில்லை என்பதால் தெளிவும் விரைவில் வந்துவிடும். முதன்முறை கொடுப்பவர்கள், இளையவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கே இது அதிகம் ஏற்படுகிறது. பெற்றோர் சம்மதத்துடன் 17 வயதிலேயே ரத்தம் கொடுக்கலாம். அப்படியென்றால், இது உங்களைப் பற்றிய செய்தி.

இதையெல்லாம் சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பே தெரிந்தவருக்குத் தலை சுற்றினால், "ஓ, அதுதானா இது" என்று படுத்துக்கொள்வார். எறும்புக் கடி என்று நம்பி வந்தவர் ஏமாந்ததாக நினைப்பார். அடுத்த முறை வரமாட்டார். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும், ஊசி இருக்கும்போது கால்களைப் பின்னித் தொடைத் தசைகளை இறுக்கி இறுக்கி விடுவதும் மயக்கத்தைக் குறைக்கும். காசு செலவில்லாத இந்த இரண்டையும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சுவரொட்டியில் எறும்புக்குப் பதில் இதைப் போட்டிருக்கலாம்.

என் பொய்யையும் மறைக்கவில்லை. தூக்கத்தைப் பற்றிப் பொய் எழுதினேன், விழுந்தது நான். அதே பாரத்தில் நோய், மருந்து பற்றியும் கேட்கிறார்கள். அங்கே பொய் எழுதினால் பாதிக்கப்படுவது ரத்தம் ஏற்றப்படும் நோயாளி.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் போனேன். 7 மணி நேரத் தூக்கம், இரண்டு ரொட்டி சானாய், அரை லிட்டர் தண்ணீர். "போன தடவை மயங்கி விழுந்தேன்" என்று தாதியிடம் முதலிலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திவிட்டார். இலேசாகத் தலை கனத்தது, அவ்வளவுதான். கால் மணி நேரம் உட்கார்ந்து மைலோ குடித்தேன்.

அன்று நான் விழுந்ததைப் பார்த்த மாணவி ஒருத்திக்கு இப்போது 17 வயது. "நானும் கொடுக்கிறேன் சார்" என்று சம்மதப் பாரத்தை வாங்கிப் போயிருக்கிறாள். அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம்.