நூறு வருஷமா நிக்குது, இனி என்ன ஆகப்போகுது?

சொந்த நிலத்துல சின்னதா ஒரு மண் அணை வச்சிருக்கிறவங்ககிட்ட பராமரிப்பு பத்திப் பேசினா, மேலே தலைப்புல இருக்கறதுதான் பதில். இதைவிட ஆபத்தான வசனம் கிடையாது மக்களே!

ஹவாயில கவாய்னு ஒரு தீவு. அங்கே கா லோகோ அணை. 1890ல கரும்புத் தோட்டப் பாசனத்துக்குக் கட்டினது. கரும்புக் காலம் போயிடுச்சு, அணை மட்டும் தனியார் நிலத்துல நின்னுச்சு. 2006 மார்ச் 14, விடியறதுக்கு முன்னாடி உடைஞ்சுது. சுமார் 150 கோடி லிட்டர் தண்ணி. கீழே இருந்த ஏழு பேர் செத்துப் போனாங்க. அதுல ஒருத்தர் கர்ப்பிணி.

வாரக்கணக்கா மழை, அதனாலதான்னு சொல்லலாம். ஆனா 2007ல வந்த விசாரணை அறிக்கை என்ன சொல்லுச்சு? உபரி நீர் வெளியேற கலிங்கு இல்லாததால தண்ணி கரைமேல வழிஞ்சதுதான் பெரும்பாலும் காரணமாம். கலிங்கு இருந்த இடமே மூடப்பட்டிருக்கலாமாம். 1987லயே அணைப் பாதுகாப்புச் சட்டம் போட்ட மாநில அரசு, இந்த அணையை ஒரு தடவை கூட சோதிக்கலை! கடைசில 2014ல உரிமையாளருக்கு ஏழு மாசம் ஜெயில். ஏழு உயிர், ஏழு மாசம். கணக்கு சரியா இருக்குல்ல?

மண் அணைக்கு வயசு ஒரு நற்சான்றிதழ் இல்லை. கரையில மரம் வளரும். அது செத்தா வேர் மக்கி உள்ளே பொந்து விழும். எலியும் பெருச்சாளியும் வளை தோண்டும். அடியில போற இரும்புக் குழாய் துருப்பிடிச்சு ஓட்டையாகும். கசிவு கலங்கலா வந்தா உள்ளே மண்ணு அரிச்சுக்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம். இதெல்லாம் வருஷாவருஷம் கூடுமே தவிர குறையாது. நூறு வருஷம் நின்னதுங்கிறது, நூறு வருஷமா அரிச்சுக்கிட்டிருக்குங்கிறதும்தான்.

"என் நிலம், என் அணை, நீ யாரு கேக்க?" சரிங்க. நிலம் உங்களோடது. உடைஞ்சா தண்ணி உங்க வேலியோட நிக்குமா? அமெரிக்காவில 90,000க்கும் மேல அணைகள்; பாதிக்கும் மேல தனியாரோடது. செலவு ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். அப்போ ரெண்டே வழி. ஒண்ணு, மரத்தை வெட்டி, கலிங்கைத் திறந்து வச்சு, வருஷம் ஒரு தடவை பொறியாளரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. முடியலைன்னா தண்ணியை வடிச்சு, முறைப்படி அணையை எடுத்துடுங்க.

பராமரிக்கவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன்னா, அந்தச் செலவைக் கீழே தூங்கறவன் உயிரால கட்டறான். அது உரிமை இல்லைங்க, அக்கிரமம்.