வேலை அங்கேயே இருக்கிறது. வேலை செய்தவர்கள்தான் வெளியே

ஆயர் ஈத்தாம்: விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவதும் விமானத்தைத் துப்புரவு செய்வதும் ஒருநாளும் நிற்கப் போவதில்லை. ஆனால், அந்த வேலை குத்தகை நிறுவனத்தின் கைக்கு மாறினால், அதுவரை செய்தவர்கள் வெளியேற நேர்கிறது. செனாய் விமான நிலைய வேலையை எண்ணிப் பார்க்கும் இவ்வட்டார இளைஞர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் 2020 நவம்பரில், கோவிட் நெருக்கடியைக் காரணம் காட்டி, 10 விமான நிலையங்களின் தரைப் பணிகளைக் குத்தகைக்கு விட முடிவு செய்தது. சுமார் 1,800 பேர் வேலை இழந்தனர். தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்கள் பின்னர் மறியலில் இறங்குவதைத் தடுக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்பதை நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. அது சட்டவிரோதம் என்பதை 2023 செப்டம்பரில் அந்நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமும் உறுதி செய்தது. 120 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு. 2025 ஆகஸ்டில் மேலும் 90 மில்லியன் அபராதம். ஆனாலும், பழைய வேலை மட்டும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

தோட்டத்தில் குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. மரமும் நிரையும் அதேதான். ஆனால் "நீ எங்கள் ஆள் இல்லை" என்று நிர்வாகம் கைவிரிக்கும். பறிபோவது வேலை மட்டுமல்ல, சேவைக் காலமும்தான்.

தீபகற்ப மலேசியாவில் மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்கு ஆட்குறைப்புத் தொகை உண்டு. ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 ஆண்டைத் தாண்டினால் 15 நாள். 5 ஆண்டு ஆகிவிட்டால் 20 நாள். ஆக, 12 ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம் சேரும். அவரே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுக் குத்தகை நிறுவனத்தில் சேர்ந்தால், அந்த 240 நாளும் போய்விடும். கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஆகவே, "கையெழுத்துப் போடுங்கள், புதிய நிறுவனம் எடுத்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். சொக்சோவின் வேலை காப்புறுதிக்கும் அதே 60 நாள்தான் கெடு. சுயமாக ராஜினாமா செய்தவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவருக்கும் அந்தக் காப்புறுதி கிடையாது.

நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். குவாண்டாஸ் தொழிலாளர்களுக்குக் கைகொடுத்தது சங்கம். தனி ஆளாக நின்றிருந்தால் அந்த வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது.