ரிலேயைத் திருகிவிட்டு ரீவைண்டரைத் திட்டுவதா?

அரிசி ஆலைக்காரர்களுக்காக வெளியான ஆண்டு மலர் ஒன்றில் வந்த கட்டுரையை ஒரே நாளில் மூன்று பேர் என் போனுக்கு அனுப்பினார்கள். மூவருமே என்னிடம் காயில் கட்டக் கொடுப்பவர்கள். "உங்களத்தான் கிழிச்சிருக்காரு, படிங்கண்ணே" என்றார் ஒருவர், சந்தோஷமாக. மானாம்பதியில் இருபது வருடமாக மோட்டார் கட்டுகிறேன். கிழிபடுவது புதிதல்ல. கிழிப்பவருக்குக் கத்தரி பிடிக்கவாவது தெரிந்திருக்கலாம்.

அவர் எழுதியிருப்பதன் சாரம் இது. மில்லில் மோட்டார் திரும்பத் திரும்ப எரிவதற்குக் காரணம் கிராமத்து ரீவைண்டிங் கடைகள். ஒருமுறை காயில் கட்டிய மோட்டார் பாதி செத்த மோட்டார். மிச்சப் பழி மின்வாரியத்தின் லோ வோல்டேஜுக்கு. ஆகவே எரிந்தால் கட்டாதீர்கள், புதிது வாங்குங்கள். இதைச் சொல்ல நான்கு பக்கம். அந்த நான்கு பக்கத்தில் ஒரு ஆம்பியர் கணக்கு இல்லை, இன்சுலேஷன் பார்க்கும் மெக்கரில் எடுத்த ஒரு ரீடிங் இல்லை, எரிந்த மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயரைத் தேர்தல் குடத்தில் போடக்கூடாது என்று, பராந்தக சோழன் காலத்தில், 921இல், பக்கத்து உத்திரமேரூரில் கல்வெட்டே வெட்டிவைத்திருக்கிறார்கள். அவனுடைய உறவுக்காரர்களையும் சேர்த்துத் தள்ளிவைத்தார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கட்டுரையாளரிடம் மட்டும் கணக்குக் கேட்கிறேன்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கும் இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் அயோக்கியர்கள் உண்டு. பழைய காயிலை உருவச் சோம்பல்பட்டு ஸ்டேட்டரையே விறகில் போட்டுக் கொளுத்துகிறவர்கள் உண்டு. அப்படிக் கொளுத்தினால் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பூச்சு வெந்துபோகும். பிறகு எவ்வளவு நல்ல செம்பு போட்டாலும் இரும்பே சுடும். ஒரு கேஜ் மெலிந்த கம்பி போட்டு மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. இவர்களைத் திட்டியிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். ஆனால் புது மோட்டாரும் எரிகிறதே, அதை யார் கட்டினார்கள்?

ஒரு மில். ஊர் பெயர் வேண்டாம். எலிவேட்டரை ஓட்டும் 20 குதிரைத்திறன் மோட்டார் ஒரே பருவத்தில் இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் நான்தான் கட்டினேன். மூன்றாவது முறை முதலாளி கோபப்பட்டு, கட்டுரையாளர் சொல்கிற மாதிரியே, புதிது வாங்கிப் போட்டார். நாற்பதாம் நாள் ஆப்பரேட்டர் போன் செய்தான்: "அண்ணே, புதுசும் பூட்ச்சி."

கழற்றிப் பார்த்தேன். வட்டமாக இருக்கும் காயிலில் சம தூரத்தில் நான்கு இடம் மட்டும் கரி. நடுவில் உள்ளதெல்லாம் வாங்கிய அன்றிருந்த அதே தேன் நிறம். முதல் இரண்டு முறையும் இதே கோலம்தான். டெல்டாவில் ஓடும் நாலு போல் மோட்டார் இப்படிக் கருகினால் அதற்கு ஒரே அர்த்தம்: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் போயிருக்கிறது. ஸ்டாரில் ஓடுகிற மோட்டாராக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு கருகி ஒரு பங்கு தப்பும். டெல்டாவில் ஒரு பங்கு மட்டும் கருகும். காயில் மட்டமாகக் கட்டப்பட்டிருந்தால் இந்தக் கோலம் வராது. ஒரு ஸ்லாட்டில் ஓட்டை விழுந்திருக்கும், அல்லது பக்கத்துச் சுற்றோடு ஷார்ட் ஆகி ஒரு மூலை மட்டும் உருகியிருக்கும்.

பேஸ் எங்கே போனது? மெயின் சுவிட்சில் நடு லக் ஆடியது. விரலால் தொட்டால் ஆடவில்லை, லோடு ஏறிச் சூடானால் ஆடியது. சரி, ஒரு பேஸ் போனால் ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே தட்டியிருக்க வேண்டுமே? அங்கேதான் கதை. அந்த மோட்டாரின் முழு லோடு ஏறக்குறைய 28 ஆம்பியர். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயில் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஓடுவது அதில் 58 சதவீதம், அதாவது 16 ஆம்பியர். ரிலேயை 16இல் வைக்க வேண்டும். வைத்திருந்தது 28இல். பெயர்ப்பலகையைப் பார்த்து அப்படியே திருப்பிவைத்த புண்ணியவான் யாரோ. முக்கால் லோடில் ஒரு பேஸ் போனால் ஒரு காயிலில் மட்டும் 24 ஆம்பியர் ஏறும். 16க்குச் செய்த கம்பி அதில் வேகும். 28இல் நிற்கும் ரிலே வேடிக்கை பார்க்கும். லக்கை மாற்றினேன், ரிலேயைத் திருப்பினேன். அதற்குப் பிறகு அந்த மோட்டார் என் கடைக்கு வரவில்லை. எனக்குத்தான் நஷ்டம்.

இனி லோ வோல்டேஜ். கிடையாது என்று சொல்லமாட்டேன். 1956ஆம் வருட மின் விதிகள் 6 சதவீதம்தான் ஏற்ற இறக்கம் அனுமதித்தன. 415க்கு 390 வரை. மாலை நேரத்தில் எங்கள் பக்கத்தில் நானே 360 பார்த்திருக்கிறேன். 360இல் மோட்டாரின் இழுவை கால்பங்கு போய்விடும், ஆம்பியர் ஏறும், மோட்டார் சுடும். ஆனால் லோ வோல்டேஜில் எரிந்தால் மூன்று பேஸும் சேர்ந்து ஒரே மாதிரி பழுத்துக் கருகும். நான்கு இடத்தில் கோலம் போடாது. அதோடு, இதற்காகத்தானே ரிலே என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்? அது அடிக்கடி தட்டுகிறது என்று கடைசி வரை திருகிவிட்டு, லைன்மேனைத் திட்டிப் பக்கம் நிரப்புவது ஞாயமா? டிரான்ஸ்பார்மர் வாசலிலேயே இருந்தும் நூறு மீட்டருக்கு மெலிந்த அலுமினிய கேபிளை இழுத்துவிட்டு வோல்டேஜ் இல்லை என்கிற மில்களும் எனக்குத் தெரியும். அந்த வோல்டேஜைத் தின்றது மின்வாரியம் இல்லை.

நான்கு பக்கக் கட்டுரையில் தூசி என்ற சொல் ஒருமுறை வருகிறது. அதுவும் "தூசி நிறைந்த கிராமச் சூழல்" என்று, ஏதோ இயற்கை வருணனை மாதிரி. மில்லுக்குள் போனவர் இப்படி எழுதமாட்டார். உமித்தூசி மோட்டாரின் விலா எலும்புகளுக்கு நடுவே அடைத்து, தவிட்டு எண்ணெயோடு சேர்ந்து, அடை மாதிரி இறுகும். சித்திரை வெயிலில் மாட்டுக்குக் கம்பளி போர்த்திய கதைதான். காயிலின் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுசு பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பாய்லரில் எரித்த உமியின் சாம்பல் இன்னும் மோசம். அதில் பெரும்பங்கு சிலிகா. பேரிங்குக்குள் போனால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி. நெல் அவிக்கிற ஆவி வேறு. இரவெல்லாம் நின்று குளிர்ந்த மோட்டார் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு, காலையில் பட்டனை அமுக்கியதும் வெடிக்கும். ஐப்பசி மழையில் நாலு நாள் நின்ற மோட்டாரை 500 வோல்ட் மெக்கரில் பார்க்காமல் ஓட்டக்கூடாது. ஒரு மெகா ஓமுக்கும் கீழே காட்டினால் கவரைக் கழற்றி உள்ளே ஒரு 200 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு ஒரு நாள் காய வைக்க வேண்டும். மெக்கர் வைத்திருக்கிற மில்லை எங்கள் பக்கத்தில் விரல் விட்டு எண்ணலாம், அதிலும் விரல் மிஞ்சும்.

கட்டுரையாளர் பேனல் போர்டையும் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேனல்களுக்குக் கதவு திறந்தே இருக்கும். எதிரில் ஒரு டேபிள் ஃபேன். சூடாகிறதாம், காற்று விடுகிறார்களாம். அந்தக் காற்றில் என்ன வருகிறது? மில்லின் மொத்தத் தூசியும் கான்டாக்டரின் வாய்க்குள் போகிறது. மூன்று முனையில் ஒன்று குழிந்து, கருத்து, ஒட்டாமல் நிற்கிறது. ஒரு பேஸ் போச்சு. மறுபடியும் நான்கு இடத்தில் கரி. கேபிள் நுழைகிற ஓட்டையை கிளாண்ட் போட்டு அடைக்காததால் டெர்மினல் பாக்ஸுக்குள் பல்லி குடும்பம் நடத்துகிறது. இரண்டு டெர்மினலுக்கு நடுவே பாலம் போட்டுச் செத்த பல்லியை நானே எடுத்திருக்கிறேன். இதற்கும் ரீவைண்டர்தான் பொறுப்பா?

புதிது வாங்கச் சொல்கிறார். வாங்கட்டும். ஆடுகிற லக், திருகிய ரிலே, திறந்த பேனல், அடைத்த விலா, இவை எதுவும் புது மோட்டாருக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நிற்காது. மோட்டார் விற்கிற கடைக்கு நல்ல வியாபாரம். மலரின் பின்னட்டையில் யாருடைய விளம்பரம் வந்திருக்கிறது என்று பார்த்தேன். அதற்கு மேல் எழுதினால் மரியாதையாக இருக்காது.

அந்தப் புது மோட்டாரின் கருகிய காயிலை நான் எடைக்குப் போடவில்லை. கடைப் பலகையில் அப்படியே இருக்கிறது. மானாம்பதி கூட்டுரோட்டில் இறங்கி மோட்டார் கடை எது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். கட்டுரையாளர் வந்து பார்க்கட்டும். வரும்போது ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டர் ஒன்று கொண்டுவரட்டும். இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன், எப்படிப் பிடிப்பது என்றும் சேர்த்து.